ஊர்த் தியேட்டரில் குறை சொல்லும் முறை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று டெல்டாவில் எந்த ஊர்த் தியேட்டருக்குப் போனாலும் இடைவேளையில் காதில் விழும் புலம்பல் ஒன்றுதான். படம் மங்கல், வசனம் புரியலை, ஏசியை நிறுத்திட்டான். புலம்பிக்கொண்டே முட்டை பப்ஸைத் தின்றுவிட்டு அதே சீட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறோம். இந்தக் குறைகளில் பலவற்றை புரொஜெக்டர் கேபினில் இருப்பவர் இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட முடியும். மற்றவை அன்றைக்குச் சரியாகாது. எது எந்த வகை என்று தெரிந்தால்தான் எப்போது எழுந்துபோய்ச் சொல்வது, எப்போது சீட்டை மாற்றிக்கொள்வது, எப்போது காசைத் திருப்பிக் கேட்பது என்று முடிவெடுக்க முடியும்.

முதலில், யாரிடம் சொல்வது? கதவில் டிக்கெட் கிழிப்பவரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் "சொல்றேன் சார்" என்பார், கதவை விட்டு நகர மாட்டார்; நகரவும் கூடாது. படம், சவுண்டு என்றால் ஆபரேட்டர். ஏசி, டிக்கெட், பணம் என்றால் மேனேஜர். சிறிய ஊர்களில் கேபினுக்குப் போகும் படி பால்கனிப் பக்கம் இருக்கும். கேபினுக்குள் நுழையக் கூடாது, வாசலில் நின்று கூப்பிட்டால் வந்துவிடுவார்கள். படம் தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் சொன்னால் மதிப்பு அதிகம். இடைவேளைக்குப் பிறகு சொன்னால், இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று விட்டுவிடுவார்கள்.

அடுத்தது, சொல்லும் விதம். "படம் நல்லாவே இல்லண்ணே" என்றால் கதையைச் சொல்கிறீர்களா, வெளிச்சத்தைச் சொல்கிறீர்களா என்று அவருக்கே தெரியாது. "அண்ணே, வலது பக்க ஓரம் மங்குது, நடுவுல சரியா இருக்கு" என்று சொன்னால் கை தானாக வேலைக்குப் போகும்.

மங்கலுக்குக் காரணங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் உண்டு. 2டி படத்துக்குத் திரையில் இருக்க வேண்டிய வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது உலக அளவில் உள்ள தரம். ஊர்த் தியேட்டரில் அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான் என்றாலும், முகம் தெரியாத இருட்டை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பழைய புரொஜெக்டர்களில் எரிவது செனான் பல்பு. வாட்டைப் பொறுத்து அதன் ஆயுள் ஆயிரத்துச் சொச்சம் மணியிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் மணி வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளைக்கு நான்கு காட்சி, காட்சிக்கு மூன்று மணி என்றால் 12 மணி நேரம். 1500 மணி பல்பு 125 நாளில், அதாவது நான்கே மாதத்தில், தீர்ந்துவிடும். ஆயுளின் கடைசியில் வெளிச்சம் படிப்படியாகக் குறையும், சில நேரம் துடிக்கவும் செய்யும். வெள்ளைக் காட்சிகளில் திரை லேசாக மினுக்மினுக்கென்றால் அது கிழட்டுப் பல்பு. இதற்கு அன்றைக்குத் தீர்வே கிடையாது. செனான் பல்புக்குள் ஆறிய நிலையிலேயே அழுத்தம் அதிகம், சூட்டில் இன்னும் ஏறும். முகக்கவசம், கனமான அங்கி எல்லாம் போட்டுக்கொண்டு, நன்றாக ஆறவிட்டுத்தான் கழற்ற முடியும். ஓடுகிற காட்சியில் மாற்றச் சொல்லி யாரும் கத்த வேண்டாம். லேசர் புரொஜெக்டர் போட்ட தியேட்டரில் இந்தத் தொல்லை இல்லை; அதன் ஒளிமூலம் 20,000 மணிக்குக் குறையாமல் ஓடும்.

ஆனால் எல்லா மங்கலும் பல்பால் வருவதில்லை. கேபினுக்கும் அரங்குக்கும் நடுவே ஒரு கண்ணாடி இருக்கிறது. அதில் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். மழைக்காலத்தில் கேபின் ஏசிக் குளிருக்கு வெளிப்பக்கம் ஆவி பூத்துவிடும். படம் முழுக்கப் புகை மூட்டம்போல், கறுப்பே சாம்பலாகத் தெரிந்தால் சந்தேகம் அந்தக் கண்ணாடி மேல்தான். துணியால் துடைத்தால் தீர்ந்தது. இன்னொன்று, 3டி படம் ஓடிய தியேட்டரில் லென்ஸ் முன்னால் போடும் 3டி ஃபில்டரை 2டி படத்துக்கும் எடுக்காமல் விட்டுவிடுவது. அது பாதிக்கு மேல் வெளிச்சத்தை விழுங்கிவிடும். நேற்றுவரை பார்க்கும்படி இருந்த தியேட்டர் இன்றைக்குத் திடீரென்று இருண்டிருந்தால் "அண்ணே, 3டி ஃபில்டர் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். கேள்வியிலேயே வேலை முடிந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் இல்லாமல், நடு பளிச்சென்றும் இரண்டு ஓரங்களும் மங்கலாகவும் இருந்தால் அது வெள்ளித்திரை. 3டிக்காகப் போடும் சில்வர் ஸ்கிரீன் ஒளியை நேராகத் திருப்பி அடிக்கும், பக்கவாட்டில் பரப்பாது. இதில் ஆபரேட்டர் செய்வதற்கு ஒன்றுமில்லை. நடு வரிசையில், நடு சீட்டில் உட்காருவதுதான் வழி. அந்தத் தியேட்டரில் ஓர சீட்டு பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் நஷ்டம்தான்.

தலை வெட்டுப்படுவது, மேலும் கீழும் கறுப்புப் பட்டை, எழுத்து திரைக்கு வெளியே சுவரில் விழுவது எல்லாம் ஒரே குடும்பம். படங்கள் இரண்டு அளவில் வருகின்றன: அகலமான ஸ்கோப் 2.39, ஃப்ளாட் 1.85. படக் கோப்பை ஓட்டும் சர்வரில் இரண்டுக்கும் தனித்தனி பொத்தான். விளம்பரம் ஃப்ளாட்டில் ஓடி, படம் ஸ்கோப்பில் தொடங்கும்போது மாற்ற மறந்தால் இப்படி ஆகும். சென்சார் சான்றிதழ் திரையில் வரும்போதே நான்கு ஓரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஃபோகஸ் சரிபார்க்கவும் அதுதான் நேரம், எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து அரை மணியில் மசமசவென்று ஆனால் லென்ஸ் சூடேறி ஃபோகஸ் நகர்ந்திருக்கிறது. சொன்னால் உடனே திருப்பி வைப்பார்கள்.

சவுண்டு இதைவிடச் சிக்கல். திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என்று மூன்று ஸ்பீக்கர்கள் நிற்கும். திரை முழுக்க ஊசித்துளைகள் இருப்பது சத்தம் வெளியே வரத்தான். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் மட்டும் வரும். அதில் கூர்மையான ஒலியைத் தரும் ஹார்ன் டிரைவர் போய்விட்டால் இசை முழங்கும், சண்டை அதிரும், பேச்சு மட்டும் வாயில் துணி வைத்ததுபோல் கேட்கும். அரங்கத்திலிருந்து "சவுண்டு வை" என்று கத்துவார்கள், ஆபரேட்டரும் ஏற்றுவார், பாட்டு காதைக் கிழிக்கும், வசனம் அப்படியேதான் இருக்கும். இந்த இடத்தில் சொல்ல வேண்டியது "சவுண்டு பத்தல" என்பது அல்ல, "சென்டர் ஸ்பீக்கர்ல பேச்சு தெளிவா வரல" என்பது. அன்றைக்கே சரியாகாவிட்டாலும், மறுநாள் மெக்கானிக் வரும்போது எங்கே கை வைப்பது என்று தெரியும்.

ஒரு பக்கச் சுவர் ஸ்பீக்கர் மட்டும் ஊமையாக இருந்தால் வயர் பிரச்சினையாக இருக்கலாம். வயல் சூழ்ந்த ஊர்களில் எலிக்குக் குறைவில்லை, சுவரோடு போகும் வயர் அதற்கு நல்ல வேட்டை. படம் முழுக்க 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டால் எர்த்திங் கோளாறு.

சத்தத்தின் அளவைப் பற்றி ஒன்று. சவுண்டு பெட்டியில் வால்யூம் 7 என்பதுதான் தர அளவு. திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் தரும்படி திருத்தி வைக்கும் நிலை அது. இப்போதைய படங்களின் மிக்ஸிங்கே பலமாக இருப்பதால் பல தியேட்டர்கள் 5 பக்கம் வைத்து ஓட்டுகின்றன. கூட்டம் நிறைந்த காட்சிக்கு வைத்த அளவை ஆள் இல்லாத மறுநாள் மேட்னிக்கும் அப்படியே விட்டால் எதிரொலி கிளம்பும், ஏனென்றால் மனித உடம்பும் துணியும் சத்தத்தை உறிஞ்சும். "அண்ணே, அரை பாயின்ட் குறைங்க" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் முதல் வாரக் கூட்டத்தைத் தவிர்ப்பது நல்லது, அல்லது குழந்தைக்குக் காதுக்கவசம் வாங்கிக்கொள்வது.

டெல்டாவின் பழைய தியேட்டர்கள் நீளமானவை. கீழே தரை, பெஞ்ச், சேர் என்று வகுப்பு பிரித்து, மேலே பால்கனி வைத்துக் கட்டிய காலத்தவை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். முப்பது மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் உதடசைவுக்கும் சத்தத்துக்கும் ஏறத்தாழ இரண்டு ஃப்ரேம் இடைவெளி விழும். கூர்ந்து பார்ப்பவர்களுக்கு அது உறுத்தும். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுவில் உட்காருவதே உத்தமம். பால்கனிக்கு அடியில் போய் உட்காரவே கூடாது. மேலே தாழ்ந்த கூரை, சுற்றுச் சத்தம் வந்து சேராது, பேஸ் மட்டும் மூலையில் சேர்ந்து குமுறும். அட்மாஸ் (கூரையிலிருந்தும் சத்தம் வரும் ஒலிமுறை) என்று வாசலில் எழுதியிருந்தாலும், கூரை ஸ்பீக்கருக்குக் கீழே இல்லாத சீட்டில் அதற்குக் காசு கொடுப்பது வீண்.

பல ஊர்களில் ஒரு தியேட்டரை இரண்டாக வெட்டி, பால்கனியைத் தனி ஸ்கிரீன் ஆக்கியிருக்கிறார்கள். மாடி ஸ்கிரீனில் சாய்வு செங்குத்தாக இருப்பதால் முன் வரிசைகூட மோசமில்லை. கீழ் ஸ்கிரீனில் நடந்து போகும்போதே கவனியுங்கள்: பக்கத்துப் படத்தின் குண்டு வெடிப்பு எந்தச் சுவர் வழியாக வருகிறது என்று தெரிந்துவிடும். அந்தச் சுவரை விட்டுத் தள்ளி உட்காருங்கள். காதல் படத்தின் மௌனக் காட்சியில் அடுத்த அரங்கின் ஹீரோ அடியாளைப் புரட்டும் சத்தம் கேட்பது நம்மூர் சினிமாவின் தனி ரசம், அதை எந்த ஆபரேட்டராலும் தடுக்க முடியாது. அதுபோல்தான் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும். தகரக் கூரைத் தியேட்டரில் மழை பிடித்துக்கொண்டால் வசனம் போச்சு. தீபாவளிப் படங்கள் சரியாக வடகிழக்குப் பருவமழையோடுதான் வந்து சேர்கின்றன. அந்த மாதங்களில் கான்கிரீட் கூரை உள்ள தியேட்டர் எது என்று விசாரித்துப் போவது புத்திசாலித்தனம். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தரைவிரிப்பும் சுவர்ப் பஞ்சும் ஒரு பூஞ்சை வாடை அடிக்கும். ஆஸ்துமாக்காரர்கள் சுவரோரம் உட்கார வேண்டாம்.

ஏசி விஷயத்தில் தியேட்டர்காரர்களின் கணக்கு எளிமையானது. பெரிய அரங்கு குளிர முக்கால் மணி நேரமாவது ஆகும். காட்சி தொடங்கும்போதுதான் போட்டால் இடைவேளை வரை வியர்க்கும். கரண்ட் கட்டாகி ஜெனரேட்டரில் ஓடும்போது டீசல் செலவுக்குப் பயந்து ஏசியை விட்டுவிட்டு படத்தை மட்டும் ஓட்டுவார்கள். இது மன்னிக்கத்தக்கது. கரண்ட் இருக்கும்போதே, டைட்டில் முடிந்ததும் அணைத்துவிட்டு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி போடுவது மன்னிக்கத்தக்கது அல்ல. டிக்கெட்டில் ஏசி என்று அச்சிட்டு அதற்கான விலை வாங்கிவிட்டால், அது சேவைக் குறைபாடு. இதற்கு ஒருவர் போய் நின்றால் "பிளான்ட்ல வேலை நடக்குது" என்பார்கள், ஏழெட்டுப் பேர் டிக்கெட்டோடு மேனேஜர் அறைக்குப் போனால் கம்ப்ரசர் சத்தம் கேட்கும்.

கரண்ட் போன பிறகு விளக்கும் விசிறியும் வந்தும் திரை மட்டும் இருட்டாக இருக்கிறதே என்று விசிலடிக்கிறார்கள். காரணம் இருக்கிறது. சூடான பல்பைக் குளிர்விசிறி கொஞ்சம் ஆற்ற வேண்டும். சர்வருக்கு யுபிஎஸ் இல்லையென்றால் அது முதலிலிருந்து இயங்கி எழ வேண்டும், பிறகு விட்ட இடத்தைத் தேட வேண்டும். பத்து நிமிடம் பொறுக்கலாம். இருபதைத் தாண்டினால் விஷயம் பெரிது. கத்திரி வெயிலில் கேபின் ஏசி படுத்துவிட்டால் புரொஜெக்டர் தானாகவே சூட்டில் நின்றுவிடும், மறுபடி மறுபடி நிற்கும். இரண்டாம் முறை நின்றதும் மேனேஜரிடம் போய்ப் பணமா, வேறு காட்சிக்குப் பாஸா என்று கேளுங்கள். வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வந்து கேட்டால் கிடைக்காது. பாதி டிக்கெட்டைக் கிழித்து எறியாமல் வைத்திருப்பவருக்குத்தான் பேச்சு. செயலியில் வாங்கியவர்கள் காட்சி நின்ற நேரத்தையும் இருட்டுத் திரையையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு அன்றே புகார் எழுத வேண்டும்.

முதல் நாள் முதல் காட்சி தாமதமாவதற்கு எப்போதும் தியேட்டரே காரணமல்ல. படம் பூட்டிய கோப்பாக முன்னாலேயே வந்துவிடும். திறப்பதற்கு ஒரு சாவி தனியாக வர வேண்டும். அந்தச் சாவி குறிப்பிட்ட சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட நாள் நேரத்துக்கு மட்டும் செல்லும். சர்வரை மாற்றியிருந்தால் பழைய எண்ணுக்கு வந்த சாவி திறக்காது, புதிதாக வாங்க வேண்டும். டிடி ஏரியா (திருச்சி, தஞ்சாவூர் பகுதி) விநியோகஸ்தருக்குப் பணம் பாக்கி என்றாலும் சாவி வராது. ஒன்பது மணிக் காட்சிக்குப் பதினொன்று வரை வெளியே நிற்பவர்களின் கதை இதுதான். ரசிகர் மன்றத்துக்காரர்கள் நிற்கட்டும். மற்றவர்களுக்கு முதல் நாள் மாலைக் காட்சி பாதுகாப்பு. அதற்குள் சாவி, சவுண்டு, அளவு எல்லாம் ஒருமுறை ஓடிச் சரியாகியிருக்கும்.

டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் விலையைப் படியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 100 ரூபாய் டிக்கெட் ஜிஎஸ்டியோடு 105, 120 ரூபாய் டிக்கெட் 141 ரூபாய் 60 காசு. உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி. பண்டிகை நாளில் விலை அச்சிடாத, வெறும் ரப்பர் ஸ்டாம்ப் குத்திய டிக்கெட்டைக் கொடுத்தால், அதையே படம் எடுத்து வையுங்கள். பிறகு நடக்கும் எந்தப் பேச்சுக்கும் அதுதான் ஆதாரம். ஏ சான்றிதழ் படத்துக்கு 18 வயதுக்குக் குறைந்தவர்களை, அப்பா அம்மா கூட வந்தாலும், உள்ளே விடக் கூடாது. இப்போது யுஏ படங்களிலும் 7, 13, 16 என்று வயது போட்டு வருகிறது. அது பெற்றோருக்கான வழிகாட்டல், வாசலில் தடுக்க மாட்டார்கள்.

கேன்டீன் சண்டைகளில் மக்களுக்குச் சட்டம் பாதிதான் தெரிகிறது. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே முறுக்குப் பொட்டலத்துக்காக வாசலில் வாதாட வேண்டாம். அதே தீர்ப்பின்படி சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய உணவை நியாயமான அளவில் கொண்டுபோகலாம். தண்ணீர்த் தொட்டி பூட்டியிருந்தால் கேட்டுத் திறக்கச் சொல்லுங்கள். பாட்டில் தண்ணீர், குளிர்பானம், சிப்ஸ் போன்ற அடைத்த பொருளை எம்ஆர்பிக்கு மேல் விற்பது குற்றம். ஒரே பொருளுக்குத் தியேட்டருக்கு ஒரு எம்ஆர்பி, கடைக்கு ஒன்று என்று அச்சிடுவதும் 2018 ஜனவரி முதல் கூடாது. பாப்கார்ன், சமோசா, டீ போன்றவற்றுக்கு எம்ஆர்பி இல்லை, அங்கே பலகை விலைதான். கூட்ட நேரத்தில் பில் கேட்டால் முறைப்பார்கள், ஆனாலும் கேளுங்கள். ஜிபேயில் கொடுத்தால் தொகையாவது பதிவாகும்.

பெண்கள் கழிப்பறை வரிசை இடைவேளை முழுவதையும் தின்றுவிடும். இடைவேளைக்கு முந்தைய பாட்டிலேயே எழுந்து போய்விடுவது நம்மூர்ப் பெண்கள் கண்டுபிடித்த வழி. தண்ணீர் வரவில்லை என்றால் அப்போதே சொல்ல வேண்டும், மோட்டார் போட மறந்திருப்பார்கள். உள்ளே போகும்போது பக்கக் கதவுகளையும் பாருங்கள். டிக்கெட் இல்லாமல் நுழைவதைத் தடுக்க அவசர வழியை வெளியே பூட்டு போட்டு வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது ஒன்றுக்கு மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். பூட்டைத் திறக்கும் வரை படம் ஓடக் கூடாது என்று கேட்கலாம்.

வாயால் சொல்லித் தீராதவற்றுக்குத்தான் எழுத்து. தியேட்டர் லைசென்ஸ் தருவது மாவட்ட ஆட்சியர், 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி. அதிக விலை, பூட்டிய அவசர வழி, சுகாதாரக் கேடு ஆகியவற்றுக்கு திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். எம்ஆர்பி விவகாரம் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள சட்டமுறை எடையளவுப் பிரிவுக்குப் போகும். அல்லது 1915 என்ற நுகர்வோர் உதவி எண். நஷ்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. காரைக்காலில் படம் பார்த்தவர்கள் நாகப்பட்டினம் கலெக்டருக்கு மனு எழுதிப் பயனில்லை. அது புதுச்சேரி, அங்கே லைசென்ஸும் வரியும் வேறு.

வண்டி நிறுத்தும் டோக்கன் தொலைந்தால் ஆர்சி காட்டினால்தான் விடுவார்கள். செல்போனில் ஆர்சி படம் இருந்தால் காத்திருப்பு மிச்சம். கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மாலைக் காட்சி ஆபத்தானது. ஆறரை மணிக் காட்சி ஒன்பதரைக்கு விடும், பல ஊர்களின் கடைசி டவுன் பஸ் அதற்குள்ளேயோ அதையொட்டியோ கிளம்பிவிடும். கரண்ட் ஒருமுறை போய் வந்தாலே கணக்கு தப்பும். டிக்கெட் எடுக்கும் முன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் அன்றைய கடைசி நடை உண்டா என்று கேட்டுக்கொண்டு, சந்தேகம் என்றால் இரண்டரை மணி மேட்னிக்குப் போய்விடுங்கள்.